தங்கைக்கு நர்சிங்கா, லேப் டெக்னாலஜியா, பயோகெமிஸ்ட்ரியா?

திருப்பூரில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். தங்கை பிளஸ் டூ உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறார். நீட் எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு வரவில்லை, திரும்ப எழுதவும் மனம் இல்லை. வீட்டில் பி.எஸ்சி. நர்சிங் அல்லது மெடிக்கல் லேப் டெக்னாலஜி என்கிறார்கள். தங்கைக்கு பயோகெமிஸ்ட்ரி மீது ஆசை. அப்பா தறி ஓட்டுகிறார், கடன் வாங்கினால் ஓரளவு சமாளிக்கலாம். எதில் சேர்ப்பது?

நான் உயிர்வேதியியல் படித்துவிட்டு, மருத்துவக் கல்லூரி ஒன்றில் நர்சிங், பாராமெடிக்கல் மாணவர்களுக்கு அதே பாடத்தை நடத்துகிறவன். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"உயிரியல் பிடிக்குமா, எந்தப் பாடம் அதிகம் பிடிக்கும்?" என்று பிள்ளையைக் கேட்டு முடிவெடுப்பதுதான் வழக்கம். அதை இரண்டாவதாகக் கேட்டுக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது, பட்டம் வாங்கிய மறுநாள் அந்தக் காகிதம் எதைச் செய்ய அனுமதிக்கிறது என்பது. மருத்துவத் துறைப் பட்டம் ஒரு பதிவேட்டில் போய் முடிகிறது. அறிவியல் பட்டம் பெரும்பாலும் இன்னொரு நுழைவுத்தேர்வில் போய் முடிகிறது. பணம், காலம், வீட்டின் பொறுமை எல்லாமே இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

நர்சிங்கை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பட்டப்படிப்பாக நர்சிங் 1946-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் தொடங்கியது. அடுத்த ஆண்டே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்துவிட்டது. நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் உங்கள் தங்கை பதிவு பெற்ற செவிலியர். அந்தப் பதிவு இல்லாத ஒருவர், எவ்வளவு படித்திருந்தாலும், அந்த நாற்காலியில் உட்கார முடியாது. லேப் டெக்னாலஜி, ரேடியாலஜி, டயாலிசிஸ், பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி போன்றவற்றுக்கு நாடு தழுவிய பொதுச் சட்டம் ரொம்ப நாள் இல்லாமல் இருந்தது. 2021-ல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர் ஆணையச் சட்டம் இவர்களுக்கும் ஆணையம், மாநிலக் கவுன்சில், பதிவேடு என்று வழி போட்டிருக்கிறது. நடைமுறைக்கு வர நேரம் பிடிக்கிறது. ஆனால் போகிற திசை தெளிவு: இனிமேல் ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்க்க, அந்த வேலைக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட படிப்பைக் கேட்பார்கள்.

பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இப்படி ஒரு குறிப்பிட்ட ஆஸ்பத்திரி வேலைக்கான பதிவில் போய் முடிவதில்லை. அதைக் குறை என்று சொல்ல வரவில்லை. அந்தப் பட்டத்தின் இயல்பே அதுதான். அது ஒரு வேலைக்கான பயிற்சியாக வடிவமைக்கப்பட்டதல்ல. சிக்கல் எங்கே வருகிறது என்றால், "பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி படித்தால் எப்படியும் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்துவிடலாம்" என்று நினைத்துச் சேர்கிறார்கள். சின்ன தனியார் லேப்கள் சில சேர்த்துக்கொள்ளும், சம்பளத்தையும் அதற்கேற்ப வைக்கும். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் லேப் டெக்னீஷியன் அறிவிக்கைகளில் டி.எம்.எல்.டி. போன்ற மெடிக்கல் லேப் டெக்னாலஜிப் பட்டயத்தையோ சான்றிதழையோ கேட்பார்கள். அங்கே வெறும் பயோகெமிஸ்ட்ரி பட்டத்துக்கு வேலை இல்லை. மூன்று வருடம் படித்துவிட்டு மறுபடி டி.எம்.எல்.டி. சேரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். பட்டதாரி நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ ஆக வேண்டுமென்றால் நிலைமை இன்னும் மோசம், முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். எதிர்த்திசையில் இவ்வளவு இறுக்கம் இல்லை. நர்சிங், பிசியோ முடித்தவர்கள் பொதுச் சுகாதார முதுகலை, ஆஸ்பத்திரி நிர்வாகம், மருத்துவ ஆய்வுப் பணிகள் என்று போகிறார்கள். அடிப்படை அறிவியலின் எம்.எஸ்சி.க்குள் நுழைவது மட்டும் அவர்களுக்குக் கஷ்டம்.

இனி தங்கையின் ஆசைக்கு வருவோம். லேப் டெக்னாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே மனநிலையே வேறு. ஒரு சாதாரண சர்க்கரைப் பரிசோதனையை வைத்தே சொல்கிறேன். ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி அதை வைத்து ஒரு நிறமியை உருவாக்கும், இளஞ்சிவப்பு எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளக்கும். அவ்வளவுதான்.

இதில் லேப் டெக்னாலஜி மாணவியிடம் நான் எதிர்பார்ப்பது என்ன? குழாய் சரியானதா, பெயரும் எண்ணும் பொருந்துகிறதா, ரத்த அணுக்கள் உடைந்து பிளாஸ்மா சிவந்திருக்கிறதா, காலையில் ஓட்டிய கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) வரம்புக்குள் வந்ததா, 40 என்று மதிப்பு வந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திராமல் வார்டுக்குப் போன் போட வேண்டும் என்று தெரியுமா. இரவு இரண்டு மணிக்கும் இதே கவனம் வேண்டும். தவறினால் அந்தப் பக்கம் ஒரு நோயாளி இருக்கிறார். பயோகெமிஸ்ட்ரி மாணவியிடம் எதிர்பார்ப்பது வேறு. ஃபுளோரைடு ஏன்? அது ரத்த அணுக்களுக்குள் இனோலேஸ் என்ற நொதியை முடக்கி, அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுவிடாமல் தடுக்கிறது. அப்படியானால் இரத்தம் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் ஏன் அளவு கொஞ்சம் குறைகிறது? இனோலேஸ் அந்த வினைச் சங்கிலியில் கடைசிப் பகுதியில் இருப்பதால், மேலே இருக்கும் நொதிகள் சிறிது நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்த "ஏன்" அடுத்த "ஏன்"-க்கு இழுத்துக்கொண்டு போகும்.

இந்த இரண்டு மாணவிகளைப் பற்றிச் சொன்னதையும் தங்கையிடம் படித்துக் காட்டுங்கள். முதல் மாணவியின் வேலையில் கண் விரிந்தால் லேப் டெக்னாலஜி. இரண்டாவதில் விரிந்தால் அவருக்குப் பிடித்தது உண்மையிலேயே பயோகெமிஸ்ட்ரிதான், அப்போது வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் வேறு மாதிரி போட வேண்டும். இரண்டிலும் கொட்டாவி விட்டு, "அந்த நோயாளிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் நர்சிங் அல்லது பிசியோதெரபி பக்கம் பாருங்கள்.

நர்சிங் பற்றி நம் ஊரில் இரண்டே பேச்சுதான்: "உடனே வேலை", "வெளிநாடு". இரண்டும் பாதி உண்மை. வேலை கிடைக்கும், சம்பளம்தான் கேள்வி. உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி 2016-ல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் நர்சிங் ஹோம்களில் விசாரித்துப் பாருங்கள், அந்தப் பரிந்துரை எங்கே நிற்கிறது என்று தெரியும். அரசுப் பணிக்குத் தேர்வு வாரியத்தின் வழியே போகலாம். ஆனால் தேர்வானவர்களில் ஏராளமானோர் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த நர்சுகளாகச் சேர்ந்து, பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்கள் சென்னையில் நடத்திய போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

வெளிநாடு என்பது நிஜமான வழி, சீட்டு வாங்கி ஏறும் பஸ் மட்டும் இல்லை. அமெரிக்கா, கனடாவுக்கு என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு. பிரிட்டனுக்கு ஆங்கிலத் தகுதி, கணினித் தேர்வு, அங்கே போய் ஒரு செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு அந்த மொழியை பி2 நிலைவரை படிக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டு உரிமத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டு ஆஸ்பத்திரி அனுபவமும் கேட்பார்கள். ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன்னால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள், அவர்களே நர்சுகளை எடுத்து அனுப்புகிறார்கள். ஒன்று நிச்சயம்: தறி ஓட்டும் வீட்டிலிருந்து ஒரே தலைமுறையில் நிலைமையை மாற்றிய படிப்புகளில் நர்சிங்குக்கு இணையாக எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. அதற்கு விலை இரவுப் பணி, முதுகுவலி, சாவைப் பக்கத்தில் நின்று பார்ப்பது. இவற்றை முதலிலேயே தங்கையிடம் சொல்லிவிட வேண்டும். "பெண் பிள்ளைக்கு ஏற்ற படிப்பு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தள்ளிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். முதல் வருடத்தில் வார்டுக்குப் போய்விட்டு அழுதுகொண்டே வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம், பிசியோதெரபி மாதிரியான படிப்புகளின் கால அளவும் சேர்க்கை விதிகளும் புதிய ஆணையம் வந்தபின் மாறிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா நாலு வருடம் முன்பு எப்படிச் சேர்ந்தார் என்பதை நம்பாமல் இந்த ஆண்டின் தகவல் தொகுப்பை வாங்கிப் படியுங்கள்.

அறிவியல் பட்டத்தின் கணக்கு இது. மூன்று வருட பி.எஸ்சி., இரண்டு வருட எம்.எஸ்சி. ஐந்து வருடத்துக்குக் கையில் காசு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. எங்கே படிக்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வு, மத்திய அரசின் பயோடெக்னாலஜித் துறை உதவித்தொகையோடு படிக்க கேட்-பி தேர்வு. இந்தத் தேர்வுகளின் பெயரே தெரியாமல் மூன்றாம் ஆண்டு முடிப்பவர்கள்தான் பெரும்பான்மை. கல்லூரியில் யாரும் சொல்வதில்லை. அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப்படி. இரண்டு வருடம் கழித்து 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்த அளவு. ஆக, படித்துக்கொண்டே சம்பாதிக்கத் தொடங்கும் இடம் இதில் உண்டு. அங்கே போய்ச் சேர ஐந்து வருடமும் ஒரு கடினமான தேர்வும் தேவை.

இவ்வளவு தூரம் போகாமல் பி.எஸ்சி.யோடு நின்றவர்கள் என்ன செய்கிறார்கள்? நிறையப் பேர் மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லுக்கான நோய்க் குறியீடுகளைப் போடும் வேலை. சென்னை, கோவை, திருச்சியில் இந்தக் கம்பெனிகள் உயிர் அறிவியல் பட்டதாரிகளைக் கூட்டம் கூட்டமாக எடுக்கின்றன. ஏசி அறை, மாதச் சம்பளம், கேவலமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கும் நொதிகளுக்கும் சம்பந்தம் குறைவு. ஆசிரியர் வேலை எண்ணம் இருந்தால் ஒரு முக்கியமான விஷயம்: அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் இடங்கள் வேதியியல், இயற்பியல், தாவரவியல், விலங்கியல் என்ற பழைய பெயர்களில்தான் எண்ணிக்கையாக வரும். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜிக்கு விரல்விட்டு எண்ணும் அளவே. பயோடெக்னாலஜி பட்டத்தோடு பி.எட். முடித்துவிட்டு தங்கள் பட்டம் அந்தப் பழைய பாடங்களுக்குச் சமம் என்ற "இணைத்தன்மை" கேட்டு அலைந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதனால் அறிவியல்தான் என்று முடிவானால், இளங்கலையில் வேதியியல் எடுக்கச் சொல்வேன். மருந்துக் கம்பெனிகளின் தரக் கட்டுப்பாட்டு லேபும் பள்ளியும் அதற்குத் திறந்திருக்கின்றன, ஜாமில் தனித் தாளும் உண்டு. பின்னால் எம்.எஸ்சி.யில் பயோகெமிஸ்ட்ரிக்குத் தாவும் வழியும் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. பெயரில் கவர்ச்சி இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வகை அறிவியல் படிப்பும் இருக்கிறது. திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு இடங்களில் இருக்கும் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நடத்தும் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். அதற்குத் தனி நுழைவுத்தேர்வு, நீட்டுக்குப் படித்த உயிரியல் இதற்கு உதவும். விண்ணப்பம் பெரும்பாலும் பிளஸ் டூ முடிவுக்கு முன்பே மூடிவிடும் என்பதால், இந்த வருடம் போட்டிருந்தால்தான் உண்டு. போட்டு, இடமும் கிடைத்தால், வீட்டில் எவ்வளவு கடன் இருந்தாலும் அனுப்புங்கள் என்பேன். ஏனென்றால் உள்ளூர்க் கல்லூரியில் ஒரு பி.எஸ்சி.க்கும் அதற்கும் கிடைக்கும் லேப், ஆசிரியர், அடுத்த வாய்ப்பு எதிலும் ஒப்பீடே இல்லை. வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்கள் அடிப்படை அறிவியல் எடுத்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. நர்சிங்குக்கும் லேப் டெக்னாலஜிக்கும் அது கிடையாது.

இந்த இடத்தில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஞாபகம் வராமல் போகாது. சிதம்பரத்தில் பிறந்தவர், 2009-ல் வேதியியல் நோபல். பரோடாவில் மருத்துவக் கல்லூரி இடம் கையில் இருந்தும், தேசிய அறிவியல் திறனாய்வு உதவித்தொகை கிடைத்ததால் பி.எஸ்சி. இயற்பியலுக்குப் போனார். பிறகு அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். பெற்றோர் இருவரும் விஞ்ஞானிகள். மேடைகளில் இந்தக் கதையை "ஆசைப்பட்டதைப் படி" என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் படுவது உதவித்தொகையும் அந்த வீடும்தான். நீண்ட பாதையில் போக, இடையில் யாராவது சோறு போட வேண்டும்.

பெயர்களில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாக இருங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் கொண்டது, ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. கிட்டத்தட்ட அதே பெயரில், ஒரு வாடகைக் கட்டிடத்தில், ஆஸ்பத்திரியே இல்லாமல் "பாராமெடிக்கல்" நடத்துகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர்கள் போஸ்டர் இல்லாத சுவரே இல்லை. எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது, மாணவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கிறார்கள், அங்கே எத்தனை படுக்கை, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா, படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்குவார்களா? அலுவலகத்தில் இருப்பவர் சொல்வதைவிட வாசலில் டீ குடிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் சொல்வது நம்பகமானது.

பாராமெடிக்கலுக்குள்ளும் எல்லாம் ஒன்றல்ல. டயாலிசிஸ், கார்டியாக், ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி எல்லாம் ஒரே கருவி, ஒரே அறை சார்ந்தவை. வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வருவது கஷ்டம். ரேடியாலஜியில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று மேலே போகப் படிக்கட்டு இருக்கிறது. ஆப்டோமெட்ரியை நம் ஆட்கள் கண்ணாடிக் கடைப் படிப்பு என்று ஒதுக்குகிறார்கள். தனியாகத் தொழில் நடத்தக்கூடிய சிலவற்றில் அதுவும் பிசியோதெரபியும் அடக்கம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இயற்பியல் பிடித்த பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், தங்கைக்குத் தேவைப்படாமல் போகலாம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் படித்தால், புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சை மையங்களில் வேலை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி அந்த மையங்கள் மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் இயங்க முடியாது. அறிவியல் பட்டத்தில் தொடங்கி ஆஸ்பத்திரிக்குள் மதிப்போடு நுழையும் வெகுசில வழிகளில் இது ஒன்று.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம்? ஐசர் போன்ற இடம் கையில் இல்லை, தங்கை வேலைக்குப் போய்தான் கடனை அடைக்க வேண்டும் என்றால் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியின் பி.எஸ்சி. நர்சிங்கையோ லேப் டெக்னாலஜியையோ முதலில் வையுங்கள். எது முன்னால் என்பதை மேலே சொன்ன சர்க்கரைச் சோதனை சொல்லும். அரசு இடம் கிடைக்காமல், தனியாரில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கித்தான் சேர்க்க வேண்டும் என்ற நிலை வந்தால் என் பதில் மாறும். அந்தக் கடனுக்கு, அரசுக் கலைக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் வேதியியல் படிக்க வைத்து, இரண்டாம் ஆண்டிலிருந்தே ஜாமுக்குத் தயார் செய்வது மேல். தங்கை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

கல்லூரிக் காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலைக் கல்லூரிகள் ஜூன், ஜூலையில் வகுப்பைத் தொடங்கிவிடும். கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு நடத்தும் பாராமெடிக்கல் கலந்தாய்வு அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டு போகும். நீட் மதிப்பெண் கேட்காமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே பெரும்பாலான படிப்புகளுக்கு இதுவரை தரவரிசை போட்டிருக்கிறார்கள் என்பதால் தங்கைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும்போதே, இடையில் விலகினால் மாற்றுச் சான்றிதழை எத்தனை நாளில் தருவார்கள், கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சமூகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இரண்டையும் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் நான்கைந்து நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு அழைப்பு இரண்டு நாள் அவகாசத்தில் வந்தாலும் வரும்.